குசினிக்குள் ஒரு மீற்றர்காரன்

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் மனைவியும் மாமியும் முற்றத்தில் நின்று இருமிக்கொண்டிருந்தோம். வீட்டு யன்னலெல்லாம் திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, தூள் வறுக்கிறீங்களோ?" என்று கேட்டா. மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே, "இவர் தூள் வறுக்கிறாரோ, வீட்டை எரிக்கிறாரோ தெரியேல்ல" என்றாள்.

நடந்தது இதுதான். கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுக்க வேண்டும். தாச்சியில் வறுத்தால் பக்கத்திலேயே நின்று கிளற வேண்டும், கண் எரியும், மூக்கால் வடியும். மகன் வாங்கித் தந்த எயார் பிரையர் மேசையில் சும்மா இருந்தது. கால் கிலோ மிளகாயை அதற்குள் கொட்டி, 180 பாகையில் வைத்து, மூடிவிட்டு விறாந்தைக்குப் போய்விட்டேன். செத்தல் மிளகாய்க்கு என்ன பாரம் இருக்கிறது? விசிறி சுழலத் தொடங்கியதும் நாலைந்து மிளகாய் எழும்பிப் பறந்து, மேலே சிவந்து கிடந்த சுருளில் போய் ஒட்டிக்கொண்டன. அதன் பிறகு நடந்ததை அந்த ஒழுங்கை முழுவதும் அறியும்.

இப்படியான வேலைகள் எனக்கு வழக்கம். அதனால் முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

31 வருடம் நான் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீற்றர் வாசித்தவன். உவர்மலை, பாலையூற்று, திருக்கடலூர், அன்புவழிபுரம், நிலாவெளி வீதி என்று திருகோணமலையில் நான் கால் வைக்காத ஒழுங்கை குறைவு. அந்தக் காலத்து மீற்றரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தகடு சுற்றும், அதில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். பதினொரு மணிக்கு ஒரு வீட்டுக்கு முன்னால் நின்றால் என்ன கறி என்று மணம் சொல்லும், உள்ளே என்ன ஓடுகிறது என்று தகடு சொல்லும். தகடு நத்தை மாதிரி நகர்ந்தால் பிரிட்ஜ் மட்டும். பம்பரம் மாதிரிச் சுற்றினால் அந்த வீட்டில் ஹீற்றரோ அயன்பெட்டியோ. எத்தனையோ வீடுகளில் "என்ன தம்பி, இந்த மாதம் இவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். குசினியை எட்டிப் பார்க்காமலேயே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு குசினி என் கைக்கு வந்தது. மனைவி ரீச்சர், இன்னும் நாலு வருடம் இருக்கிறது, காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் இரண்டு மணிக்குத்தான் திரும்புவாள். மாமிக்கு 82 வயது, நாக்கு இன்னும் கூர்மை, கால்தான் நிற்க விடாது. ஆக மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு. சமையல் தெரியாதவன் பொறிகளைத்தானே நம்புவான்? வீட்டில் ஏற்கெனவே கிடந்தவை, பிள்ளைகள் தந்தவை, நானாக வாங்கியவை என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினேன்.

சோதனை என்றால் வாய்க்கு மட்டுமல்ல. இப்போதைய மீற்றரில் தகடு இல்லை, ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் கண் சிமிட்டும். எங்கள் மீற்றரில் ஒரு யூனிற்றுக்கு 1600 சிமிட்டல் என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது. பிரிட்ஜைக் கழற்றி, விசிறிகளை நிறுத்தி, சோதிக்கிற சாமானை மட்டும் போட்டுவிட்டு, விறாந்தைக் கதிரையில் இருந்து எண்ண வேண்டியதுதான். கைக்குப் பழைய கொப்பி ஒன்று, ஐந்துக்கு ஐந்தாகக் கோடு. ஒழுங்கையால் போகிறவர்கள் நான் சுவரைப் பார்த்துச் செபம் செய்வதாக நினைத்திருக்கலாம்.

முதலில் றைஸ் குக்கர். எங்களுடையது 700 வாற். இரண்டு சுண்டு (அரிசி அளக்கிற பேணி) நாட்டரிசிக்கு 25 நிமிடம், 466 சிமிட்டல். அதாவது யூனிற்றில் மூன்றில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு. இதில் வியப்பொன்றுமில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த கணக்கு. சோறு வெந்து சுவிட்ச் மேலே எழும்பிய பிறகு 'சூடாக வைத்திரு' என்று ஒரு மஞ்சள் வெளிச்சம் எரியுமே, அதை அரை மணி நேரம் எண்ணினேன். 34 சிமிட்டல். நான் பத்து மணிக்குச் சோறு ஆக்கி, மனைவி வரும்வரை மூன்றரை மணி நேரம் அப்படியே விடுகிறவன். ஏழால் பெருக்கினால் 238. சமைக்கச் செலவான கரண்டில் பாதி, சும்மா சூடு காக்கப் போயிருக்கிறது! எத்தனை வீட்டு விறாந்தைகளில் நின்று, "பெரிய சாமான் ஒன்றும் பாவிக்கிறதில்லையே" என்று சொன்னவர்களிடம் நானும் தலையாட்டியிருக்கிறேன்? இப்போது பன்னிரண்டரைக்குத்தான் அரிசி போடுகிறேன். சுவிட்ச் எழும்பினால் பிளக்கையும் கழற்றிவிடுவேன். மூடியைத் திறக்காமல் விட்டால் இரண்டு மணிக்கும் சோறு ஆவி பறக்கும்.

இன்னொரு விசயம். இந்தப் பொறிக்கு அரிசியைப் பற்றி ஒன்றும் தெரியாது. உள் சட்டியை எடுத்துவிட்டுப் பாருங்கள், நடுவில் ஸ்பிரிங்கில் துள்ளுகிற ஒரு குமிழ் இருக்கும். அதற்குள் காந்தம். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை அடிச்சூடு 100 பாகையைப் பெரிதாகத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு மளமளவென்று ஏறும். 103 பாகை அளவில் அந்தக் காந்தம் தன் பிடியை விட்டுவிடும், ஸ்பிரிங் தள்ளும், 'டக்'. அவ்வளவுதான். சோறு வெந்ததா என்று அது பார்ப்பதில்லை, தண்ணீர் முடிந்ததா என்றுதான் பார்க்கிறது.

இது விளங்கியதும் எனக்கு மாமியின் புட்டுப் பானை நினைவுக்கு வந்தது. காஸ் அடுப்பில் புட்டை வைத்துவிட்டு, முன்னால் போய் ஆரோடாவது கதைத்துக்கொண்டிருந்து, பானை வற்றிக் கருகிய சம்பவம் ஒரு வருடத்தில் மூன்று தரம் நடந்தது. மூன்றாம் தரம், புட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டியின் நுனியும் தீய்ந்துபோனது. றைஸ் குக்கரோடு ஒரு துளைத் தட்டு தருவார்களே, எல்லார் வீட்டிலும் அது அலுமாரிக்கு மேலே தூசி படிந்துதான் கிடக்கும். அதை எடுத்துக் கழுவி, ஈரத்துணி விரித்து, மாவைக் கொட்டி, துணியை மேலால் மடித்து அவித்தேன். குழல் புட்டின் வடிவு இல்லை, உதிரியாக வந்தது. வாயில் வித்தியாசம் தெரியவில்லை. மாமி மறந்துபோனாலும் தண்ணீர் வற்றியதும் அது தானாக நின்றுவிடும். பெட்டியில் அச்சடித்த படம் வெள்ளைச் சோறு, எங்கள் வீட்டில் அது புட்டுப் பானை.

மா குழைக்கச் சுடுதண்ணி கேத்தலில். ஒரு லீற்றருக்கு 148 சிமிட்டல், விநாடிக்கு ஒன்று, நாடித் துடிப்பு மாதிரி. கேத்தலைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை, ஒரே ஒரு வேலை தெரிந்த சாமான், அதை ஒழுங்காகச் செய்கிறது.

இன்டக்சன் அடுப்பின் கதை நீளம். 2022 இல் வாங்கியது. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபா ஆனது, காசு இருந்தாலும் சிலிண்டர் இல்லை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் கோத்து ரோட்டோரம் வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த காலம். அதற்கு முந்திய மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. கரண்ட் அடுப்பை அப்போது போய் வாங்கிய என் புத்தியை என்ன சொல்ல? கரண்ட் இருந்த நேரம் இன்டக்சன், இல்லாத நேரம் பின்வளவில் மூன்று கல்லும் பொச்சுமட்டையும்.

அடுப்பைக் கொண்டுவந்து வைத்தால் எங்கள் பானை ஒன்றும் அதற்குச் சரிவரவில்லை. சோற்றுப் பானை அலுமினியம், மீன் கறிச் சட்டி மண். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரத்தை இந்த அடுப்பு கண்டுகொள்ளாது, கீச் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். சட்டி வாங்கப் போகிறவர்கள் பிரிட்ஜ் கதவில் இருக்கிற பொம்மைக் காந்தத்தைக் கழற்றிக்கொண்டு போங்கள், கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. ஆனால் மண்சட்டியை எப்படி விடுவது? இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, அதற்கு மேல் மண்சட்டியை வைத்துப் பார்த்தேன். கல் நெருப்பாகச் சுட்டது, சட்டி இளஞ்சூட்டில் இருந்தது, ஐந்து நிமிடத்தில் அடுப்பு தன் சூடு தாங்காமல் கத்தி நின்றது. சூரைமீன் பச்சையாகவே மிதந்தது. அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டது பாணும் சம்பலும்.

சரி, அடி தட்டையான இரும்புச் சட்டி ஒன்று வாங்கியாயிற்று. அதில் சொதி வைத்தேன். சொதிக்கு முதற்பால் விட்ட பிறகு கொதிக்க விடக்கூடாது, சின்னச் சூட்டில் துழாவிக்கொண்டே இருந்து இறக்க வேண்டும் என்று மனைவி பாடம் சொல்லியிருந்தாள். ஆகக் குறைந்த சூட்டில் வைத்தேன். துழாவினேன். திரைந்துபோனது. மறுநாளும் அப்படியே. பால் பழசோ, புளி கூடிவிட்டதோ என்று தேங்காயைச் சந்தேகித்தோம், தேசிக்காயைச் சந்தேகித்தோம், மனைவி என் கையைச் சந்தேகித்தாள்.

மூன்றாம் நாள் சட்டியில் வெறும் தண்ணீரை வைத்து, ஆகக் குறைந்த சூட்டில் விட்டுவிட்டு, மீற்றருக்கு முன்னால் போய் இருந்தேன். குறைந்த சூடு என்றால் வெளிச்சம் மெதுவாகச் சிமிட்ட வேண்டும். அது அப்படிச் செய்யவில்லை. விறுவிறுவென்று ஏழெட்டுத் தரம் சிமிட்டியது, பிறகு கண்ணை மூடிக்கொண்டது. மறுபடி விறுவிறுவென்று, மறுபடி இருட்டு. அப்போதுதான் விளங்கியது: இந்த அடுப்புக்குச் சின்ன நெருப்பு என்பதே தெரியாது. பெரிய நெருப்பைக் கொஞ்ச நேரம் போட்டு, அணைத்து, மறுபடி போட்டு, சராசரியைக் குறைத்துக் காட்டுகிறது. தண்ணீருக்கு அது போதும், தேங்காய்ப் பாலுக்குப் போதாது. பெரிய சூடு வருகிற அந்தக் கொஞ்ச நேரத்திலேயே அடியில் இருக்கிற பால் திரைந்துவிடும். விலை கூடிய அடுப்புகள் சில இப்படிச் செய்வதில்லையாம். என்னுடையது செய்கிறது. குற்றவாளி தேங்காயும் இல்லை, தேசிக்காயும் இல்லை, என் கையும் இல்லை என்று மனைவி பள்ளிக்கூடத்தால் வந்ததும் கொப்பியை நீட்டிக் காட்டினேன். "சொதிக்கு முன்னால இருந்து பார்த்திருந்தா திரைஞ்சிராது, மீற்றருக்கு முன்னால எல்லோ இருந்தனீங்கள்" என்றாள்.

இப்போது அந்த அடுப்பில் தோசை சுடுகிறோம், கடலை அவிக்கிறோம். சொதியும் மீன் கறியும் மண்சட்டியில், காஸில். அதை மாற்றுகிற எண்ணம் எனக்கு இனி இல்லை.

பிரசர் குக்கரில் கணவாய் போட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு விசில், செருப்பு. கணவாயை இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்க வேண்டும், அல்லது முக்கால் மணி நேரம் மெல்ல விட வேண்டும், நடுவில் எங்கே நிறுத்தினாலும் றப்பர்தான்.

சம்பல் விசயத்தில் எனக்கும் மாமிக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை. கிரைண்டரில் தேங்காய்ப்பூ, செத்தல், வெங்காயம், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டால் களி மாதிரி வரும். மாமி விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சட்னி. சம்பல் எங்க?" என்றா. உரலில் இடிக்கும்போது மிளகாய் நசியும், தேங்காய்ப்பூ பூவாகவே இருக்கும். கிரைண்டரின் அலகுக்கு நசிக்கத் தெரியாது, வெட்டத்தான் தெரியும். வெட்டி வெட்டிச் சூடாக்கித் தேங்காயிலிருந்து எண்ணெயைக் கக்க வைத்துவிடும். அதனால் முதலில் செத்தலும் உப்பும் மட்டும் தூளாகும்வரை. பிறகு வெங்காயம், இரண்டு தட்டு. கடைசியாகத் தேங்காய்ப்பூ, சுவிட்சை ஒரு தரம் தொட்டு எடுத்தால் போதும். தேசிப்புளி கையால் விட்டுப் பிசைவது. இப்படிச் செய்ததை மாமி சாப்பிட்டா, ஒன்றும் சொல்லவில்லை. மாமி ஒன்றும் சொல்லாவிட்டால் எழுபது புள்ளி என்று நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம்.

அதே கிரைண்டர் புட்டு மாவை உதிர்ப்பதில் மன்னன். சுண்டு விளிம்பால் கொத்திக் கொத்தி நான் பதினைந்து நிமிடம் மாரடிக்கிற வேலையை, கட்டிகளை அரைவாசி ஜாருக்குப் போட்டு மூன்று தட்டுத் தட்டினால் முடித்துவிடும். மா கொஞ்சம் வறட்சியாக இருக்க வேண்டும், ஈரம் கூடினால் உருண்டையாகிவிடும்.

கனடாவில் இருக்கிற தங்கை போன தரம் வந்தபோது ஒரு சின்ன அவண் கொண்டுவந்தாள். வடிவான சாமான், பாண் சுடலாம், கோழி வாட்டலாம். எல்லாரும் சுற்றி நிற்க, நான் முதலில் அதைத் தலைகீழாகப் பிரட்டி அடியில் ஒட்டியிருந்த தகட்டைத்தான் பார்த்தேன். 120 வோல்ற். நம்முடைய ஊரில் 230. சூடாக்கும் சுருளுக்கு வோல்ற் இரட்டித்தால் சூடு இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ நாலு மடங்கு ஏறப் பார்க்கும். தலையை மாற்றி வேறு பிளக் போட்டால் சரி என்று மச்சான் சொன்னார். பிளக்கைத்தான் மாற்றலாம், சுருளை என்ன செய்வது? வோல்ற்றைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் ஒன்று அந்த அளவுக்கு வாங்குவதென்றால் அவணை விடப் பாரமாக இருக்கும். தங்கையின் முகம் வாடிப்போனது. எனக்கும் கவலைதான். அந்த அவணுக்குள் இப்போது பிஸ்கட், கச்சான் அல்வா, மாமியின் மருந்து எல்லாம் இருக்கின்றன. கண்ணாடிக் கதவு, எறும்பு ஏறாது.

இந்த இடத்தில் தொழில்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் உருண்டைக் கால் ஐந்து அம்பியர் பிளக் இருக்கும், லைற்றுக்கும் விசிறிக்கும் போட்ட மெல்லிய வயர். அதில் மல்ரிபிளக் சொருகி, கேத்தலையும் எயார் பிரையரையும் ஒன்றாகப் போட்ட வீடுகளை நான் கண்டிருக்கிறேன். சுவரில் வெள்ளைப் பெயின்ற் மண்ணிறமாக மாறியிருக்கும், பிளாஸ்ரிக் உருகின மணம் வரும். சூடாக்குகிற சாமான் எதுவானாலும் தனிப் பிளக், 13 அம்பியர் அல்லது 15. கிரைண்டர் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்று அதைக் கம்பியால் கட்டி வைத்தவர்களும் உண்டு. அந்தக் கதைகளை வேறொரு நாள் எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று, இங்கே கடற்காற்று. உவர்மலையில் எந்தப் பக்கம் யன்னலைத் திறந்தாலும் உப்பு உள்ளே வரும். வாங்கி ஒரு வருடத்தில் ஆணித் தலைகள் துருப்பிடித்துவிடும். மனைவி எல்லாவற்றுக்கும் பூப்போட்ட துணி உறை தைத்தாள், ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் மோசமாகியது. இப்போது உறை இல்லை, கிழமைக்கு ஒருக்கால் நான் துடைக்கிறேன். இன்டக்சனின் விசிறி ஓட்டைக்குள் பல்லி போகாமல் நுளம்பு வலைத் துண்டொன்று ஒட்டியிருக்கிறேன், காற்று போகும்படிக்குத் தளர்வாக. முதல் அடுப்பு பல்லியோடு சேர்ந்துதான் போனது.

திரும்ப எயார் பிரையருக்கு வருகிறேன். மீன் பொரிக்கலாம் என்ற நம்பிக்கையில் மகன் வாங்கித் தந்தது. பாரைமீன் துண்டுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புப் பிரட்டிப் போட்டேன். வெந்தது, உண்மைதான். ஆனால் பொரிந்த மீனின் ஓரத்தில் வருகிற அந்த மொறுமொறுப்பும், தாச்சியின் அடியில் கிடக்கிற கறுத்தத் தூளைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிற சுகமும் எங்கே? "ஆஸ்பத்திரி மீன்" என்று மாமி பெயர் வைத்தா. அதற்குப் பிறகு மனைவி அதன் பக்கம் திரும்பவில்லை, அது இடத்தை அடைக்கிறது என்று மட்டும் அடிக்கடி சொல்லுவாள்.

ஆனால் கத்தரிக்காய்! பால்கறிக்குக் கத்தரிக்காயைப் பொரித்தால் அது எண்ணெயைப் பஞ்சு மாதிரிக் குடிக்குமே. விரல் நீளத்துக்கு வெட்டி, உப்பு மஞ்சளோடு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் பிரட்டி, 180 பாகையில் 14 நிமிடம் வைத்து, நடுவில் ஒரு தரம் குலுக்கினேன். 430 சிமிட்டல். ஓரம் சிவந்து, உள்ளே வெண்ணெய் மாதிரி. மாமி இரண்டாம் தரம் கேட்டு வாங்கினா. இதை நான் பெருமையாகச் சொன்னபோது மனைவி, "சும்மா பசியில சாப்பிட்டிருப்பா" என்று தட்டிவிட்டாள். அதோடு வந்தது போன சனிக்கிழமை மிளகாய்ப் புகை. இந்தச் சாமானை ஆருக்காவது கொடுத்துவிடுங்கோ என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று.

நேற்று போயா, பௌர்ணமி விடுமுறை, பள்ளிக்கூடம் இல்லை. நான் ஒரு செத்த வீட்டுக்காக மூதூர் போய்விட்டுப் பொழுதுபடத் திரும்பினேன். கால் கழுவிவிட்டு, வழக்கம்போலக் கொப்பியோடு மீற்றருக்கு முன்னால் போய் நின்றேன். காலையில் எழுதிய எண்ணைக் கழித்துப் பார்த்தால் அரை யூனிற் கூட. சோறு, பிரிட்ஜ், விசிறி என்று எப்படிக் கூட்டினாலும் அந்த அரை யூனிற்றுக்கு ஆள் இல்லை. குசினிக்குள் போனேன். எயார் பிரையரின் கூடை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, நான் ஒருநாளும் கவிழ்த்து வைப்பதில்லை. மூடியின் விளிம்பில் ஒரு பாகற்காய் விதை.

"பாகற்காய்ச் சம்பலோ?" என்று கேட்டேன்.

மனைவி புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அம்மா ஆசைப்பட்டவ. உங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வைச்சிருக்கிறன், அந்த அவணுக்குள்ள."